கடை பிரிட்ஜின் இரண்டாவது தட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடையில் பதினாறு வருஷமாக பார்மசிஸ்டாக இருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கடை பிரிட்ஜில் இன்சுலின், சில தடுப்பூசிகள், கண் சொட்டு மருந்து, இவ்வளவுதான் இருக்கும். இரண்டாவது தட்டு பெரும்பாலும் காலி. அதில் என் மோர் பாட்டில் உட்கார்ந்திருக்கும். இப்போது அந்தத் தட்டு முழுக்க 'நல்ல கிருமி' என்று விற்கும் புரோபயாடிக் பானங்கள், வாசனை சேர்த்த யோகர்ட் கப்புகள். என் மோருக்கு இடமில்லை. இந்தப் பதிவுக்கு அந்தக் கோபமும் ஒரு காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணம் அம்மா. திருப்பாப்புலியூரில் இருக்கிறார், சர்க்கரை வியாதி பல வருஷமாக. போன மாதம் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரி (எச்.பி.ஏ1சி) எடுத்ததில் 7.2 இருந்தது 8.4 ஆகியிருந்தது. என்னம்மா சாப்பிட்டாய் என்று கேட்டால், "ஒண்ணும் சாப்பிடலடா, வயித்துக்கு நல்லதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொன்ன தயிர்தான், தினமும் ரெண்டு" என்கிறார். தயிராம். எடுத்துப் பார்த்தால் ஸ்ட்ராபெர்ரி யோகர்ட். 100 கிராமுக்கு 13 கிராம் சர்க்கரை என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பக்கம் 'ஜீரண நலம்' என்று கொட்டை எழுத்தில். பாலிலேயே இருக்கும் சர்க்கரை அதில் நாலைந்து கிராம் இருக்கும், மிச்சம் அவர்கள் போட்டது. சர்க்கரை ஏறியதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இடையில் வீட்டில் ஒரு கல்யாணமும் நடந்தது, அம்மா பந்தியில் பாயசத்தை ஒதுக்கியிருப்பார் என்று நம்ப நான் தயாராக இல்லை. ஆனாலும் இரண்டு கப் தினமும் என்பது சாதாரணமா?

"மருந்துக் கடையில விக்கிறாங்களே, அப்ப மருந்துதானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விற்கிற கை என் கை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர்கள் 2001-ல் புரோபயாடிக் என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். உயிருள்ள நுண்ணுயிர், அதைப் போதுமான அளவில் கொடுக்க வேண்டும், கொடுத்தால் உடம்புக்கு ஒரு நன்மை தெரிய வேண்டும். கடைக்கு வரும் பொருள்கள் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வழுக்குகின்றன. மூன்றிலுமே வழுக்குவதும் உண்டு.

இந்தக் கதையைத் தொடங்கி வைத்தவர் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்தவர், 1908-ல் நோபல் வாங்கியவர். நோபல் தயிருக்காக அல்ல, நோய் எதிர்ப்பு ஆராய்ச்சிக்காக. பல்கேரியா விவசாயிகள் நீண்ட நாள் வாழ்வது அவர்கள் சாப்பிடும் புளித்த பாலால்தான் என்று அவர் நம்பினார், தானும் தினமும் குடித்தார். 71 வயதில் இறந்தார். அந்தக் காலத்துக்கு அது நல்ல வயசுதான், குறை சொல்லவில்லை. அப்புறம் ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-ல் ஒரு லாக்டோபேசில்லஸ் கிருமியைப் பிரித்து வளர்த்தார், 1935-ல் அது யாகுல்ட் என்று சந்தைக்கு வந்தது. நம் ஊரில் கிடைப்பது 65 மி.லி. பாட்டில், அதில் 650 கோடி கிருமிகள் என்று போட்டிருக்கும்.

650 கோடி! கேட்டவுடனே பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு மனித உடம்பில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஏறக்குறைய 38 லட்சம் கோடி, பெரும்பாலும் பெருங்குடலில். கணக்கு போட்டுப் பாருங்கள், ஆறாயிரம் பேருக்கு ஒருவர். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிற்கும் கூட்டத்தில் ஆறாயிரம் பேருக்கு ஒரு வெளியூர்க்காரர் வந்து நின்றால் யார் கவனிக்கப் போகிறார்கள்? அதுவும் அவர் தங்க வருவதில்லை. சாமி பார்த்துவிட்டு மறுநாள் பஸ் ஏறிவிடுவார். குடித்த கிருமிகளில் பெரும்பாலானவை அப்படித்தான், நிறுத்தினால் சில நாளில் காணாமல் போகும். 2018-ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆட்களின் குடலுக்குள்ளேயே குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிலருக்கு வந்த கிருமிகள் கொஞ்சம் ஒட்டின, சிலருக்கு ஒட்டவே இல்லை. ஒரே பாட்டில், ஆளுக்கு ஆள் வேறு விதம்.

அப்படியென்றால் எல்லாம் ஏமாற்று வேலையா? அப்படியும் இல்லை. இங்கேதான் முகநூலில் 'எல்லாவற்றுக்கும் நல்லது' என்பவர்கள், 'எல்லாம் ஏமாற்று' என்பவர்கள் என்று இரண்டு கட்சியும் தவறு செய்கிறது.

நெல் என்று பொதுவாகச் சொல்கிறோம். பொன்னியும் நெல்தான், சீரகச் சம்பாவும் நெல்தான், கருப்புக் கவுனியும் நெல்தான். பிரியாணிக்கு எது, பழையசோற்றுக்கு எது என்று காட்டுமன்னார்கோயில் பக்கத்து விவசாயியிடம் கேட்டால் ரகம் சொல்வார். "நெல் நல்லது" என்று மட்டும் சொன்னால் சிரிப்பார். கிருமியிலும் அதே கதைதான். ரகம், அளவு, என்ன நோய்க்கு, யாருக்கு என்று நான்கும் சேர்ந்தால்தான் அது ஒரு பேச்சு. ஒரு ரகம் ஒரு நோய்க்கு வேலை செய்தது என்பதை வைத்து இன்னொரு ரகத்தை இன்னொரு நோய்க்கு விற்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம்.

நல்ல சான்று எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஒடிசா கிராமங்களில் 4,556 பச்சிளம் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2017-ல் வெளிவந்தது. லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் ரகம் ஒன்றை, அந்தக் கிருமிக்கே தீனியாகும் ஒருவகைச் சர்க்கரையோடு சேர்த்து ஏழே நாள் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவும் நோயும் மரணமும் சேர்ந்து 9 சதவீதம் இருந்தது 5.4 ஆகக் குறைந்தது. எவ்வளவு பெரிய விஷயம் இது! ஆனால் அது எந்தக் கடை பிரிட்ஜிலும் ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு இருக்கும் பொருள் அல்ல. (இதைப் படித்துவிட்டு யாரும் குறைமாதக் குழந்தைக்கு எதையும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் கிருமியே ரத்தத்தில் ஏறி ஆபத்தாகலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-ல் எச்சரித்தது.) கொல்கத்தா குடிசைப் பகுதியில் 3,758 சிறு பிள்ளைகளுக்கு ஷிரோட்டா ரகப் பானத்தை 12 வாரம் கொடுத்துப் பார்த்ததில் வயிற்றுப்போக்கு 14 சதவீதம் குறைந்தது. குறைந்ததுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் இருந்த இடத்தின் குடிதண்ணீர் வேறு, ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் வேறு. அங்கே கிடைத்த 14 இங்கே எத்தனை என்று அந்த ஆய்வு சொல்லாது.

கடையில் நான் மனசார எடுத்துக் கொடுக்கும் ஒரே இடம் ஆன்டிபயாடிக். பிள்ளைகளுக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் பேதி வரும், எல்லாத் தாய்மார்களுக்கும் தெரியும். 33 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2019-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு பார்த்தது. புரோபயாடிக் இல்லாதவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு அந்தப் பேதி வந்தது, எடுத்துக்கொண்டவர்களில் 8 பேருக்கு. இதற்கு டாக்டர்கள் எழுதும் ஒன்று பாக்டீரியாவே அல்ல, ஈஸ்ட். 1920-களில் ஹென்றி பூலார் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோலிலிருந்து கண்டுபிடித்தது. (அப்போது பக்கத்துப் புதுச்சேரியிலும் அதே கொடிதான் பறந்தது.) ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்லாது. மற்ற புரோபயாடிக் சாஷேக்களை (பொடிப் பாக்கெட்) ஆன்டிபயாடிக்குக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள் என்று நான் சொல்வேன், யாரும் கேட்பதில்லை, இரண்டையும் ஒரே ஸ்பூனில் கலந்து ஊட்டுகிறார்கள். அதே வைஸ்மன் குழு இன்னொன்றும் பார்த்தது. ஆன்டிபயாடிக் முடித்த பெரியவர்களில் பதினொரு ரகம் சேர்ந்த கலவையை எடுத்துக்கொண்டவர்களுக்கு, சும்மா இருந்தவர்களைவிட, சொந்தக் கிருமிகள் திரும்பி வரத் தாமதமானது. அதனால் மருந்து முடிந்தபின் "உடம்பு தேறட்டும்" என்று மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கு நான் கை காட்டுவதில்லை.

இப்போது எனக்கு மிகவும் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. கைக்குழந்தையோடு ஒரு அப்பா ஓடி வருவார். "அண்ணா, நேத்துலேர்ந்து வயித்தால போவுது, அந்த நல்ல கிருமி சாஷே குடுங்க." ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா என்றால் "அது வெறும் உப்புத் தண்ணிதானே அண்ணா." அந்த வெறும் உப்புத் தண்ணிதான் உயிர் காப்பாற்றும். ஒரு பாக்கெட், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், கூடவே துத்தநாகம் 14 நாள், தாய்ப்பால் நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே வந்துவிட்ட வயிற்றுப்போக்குக்கு சாஷே உதவுமா என்று அமெரிக்காவில் 971 பிள்ளைகள், கனடாவில் 886 பிள்ளைகள் என்று இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-ல் வந்தன. கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இதையெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பயந்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ஓ.ஆர்.எஸ்.ஸை முதலில் பையில் போடுவேன், துத்தநாகத்தைப் போடுவேன், பிள்ளை கண் சொருகினாலோ மூத்திரம் போகாவிட்டாலோ நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்பேன், கடைசியாகத்தான் சாஷே. காசு போதவில்லை என்று அவர் எதையாவது எடுத்து வைத்தால் அது சாஷேயாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் அந்த வரிசை.

பெரிய கம்பெனிகளே சொன்னதைத் திரும்பப் பெற வேண்டி வந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் டானன் கம்பெனி, ஒரு கப் யோகர்ட் தினமும் சாப்பிட்டால் மலச்சிக்கல் தீரும், இன்னொரு பானம் சளி காய்ச்சல் வராமல் தடுக்கும் என்று விளம்பரம் செய்தது. 2010-ல் மத்திய வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டு, 39 மாநிலங்களுக்கு 2 கோடியே 10 லட்சம் டாலர் கட்டியது. அந்த ஒரு கப் கணக்கில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பலன் வேண்டுமென்றால் தினமும் மூன்று கப் சாப்பிட வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் ஒவ்வொரு கம்பெனியிடமும் சான்றைக் கொண்டு வா என்றார்கள். அனுமதித்த ஒன்று எது தெரியுமா? உயிருள்ள கிருமியோடு கூடிய சாதாரணத் தயிர், பால் சேராதவர்களுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்க உதவும் என்பது. "பால் ஒத்துக்கலன்னா தயிரா சாப்பிடு" என்று என் ஆத்தா சொன்னதேதான்.

அடுத்தது 'உயிருள்ள' என்ற சொல். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்று கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு நினைவிருக்கும். ஐஸ் கட்டி வாங்கித் தெர்மாக்கோல் பெட்டியில் இன்சுலினைக் காப்பாற்றினோம். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம், எந்தக் கடைக்குப் போனாலும் பிரிட்ஜைத் தொட்டுப் பார்ப்பேன். மே மாதம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் புரோபயாடிக் பாட்டில்களை அட்டைப்பெட்டியோடு வெயிலில் இறக்கி வைத்திருந்தார்கள். திரும்ப வரும்போதும் அங்கேயே இருந்தன. குளிரில் வைக்கச் சொல்லியிருக்கும் பொருள் அது. ஸ்போர் வடிவில் (கிருமி கெட்டியான உறைக்குள் உறங்கும் நிலை) வரும் சின்ன பிளாஸ்டிக் குப்பி மருந்துகள் வெயில் தாங்கும், இவை தாங்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2011-ல் கொடுத்த வழிகாட்டுதலில், ரகத்தின் முழுப்பெயரும், காலாவதி தேதி வரை உயிரோடு இருக்கப்போகும் எண்ணிக்கையும் லேபிளில் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் தட்டில் இருந்த கப்புகளை ஒரு மத்தியானம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிலவற்றில் இருந்தது. சிலவற்றில் 'லைவ் கல்ச்சர்ஸ்' என்பதோடு சரி.

உடனே "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, இட்லியே புரோபயாடிக்" என்று ஒருவர் கமெண்டில் வருவார். அண்ணே, இட்லியை ஆவியில் வேக வைக்கிறோம். புளிக்க வைத்த கிருமி கொப்பரைக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும். புளித்ததால் மாவு இளகிச் செரிக்க எளிதாகிறது, அது நல்லதுதான், அதற்கு மேல் இல்லை. மோர்க்குழம்பும் அப்படியே. பழையசோறும் வீட்டுத் தயிரும் வேறு, அவற்றில் கிருமி உயிரோடு இருக்கிறது. பழையசோற்றைக் குடல் நோய்க்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று சென்னை ஸ்டான்லியில் ஆராய்ச்சியே எடுத்துச் செய்கிறார்கள். முடிவு வரட்டும். அதுவரை பழையசோறும் மருந்தல்ல, சோறு. வீட்டுத் தயிரில் எந்த ரகம் என்று எனக்கும் சொல்லத் தெரியாது, நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் எடுத்து உறை ஊற்றுகிறோம், அவ்வளவுதான். ஆனால் அது வயிற்றைக் குணமாக்கும் என்று எங்கள் வீட்டுப் பாத்திரம் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை, அதில் மேலே போட்ட சர்க்கரையும் இல்லை.

வயிற்று வலியில் எங்கள் ஊருக்கு ஒரு சரித்திரமே உண்டு. திருப்பாப்புலியூரில் சமண மடத்தில் இருந்த அப்பரைச் சூலை பிடித்து ஆட்டியதும், அங்கிருந்தவர்கள் கைவிரித்ததும், அக்கா திலகவதி கையால் திருநீறு வாங்கித் திருவதிகையில் குணமானதும் அங்கே எல்லோரும் சொல்லும் கதை. அம்மாவுக்கு மனப்பாடம். லேபிளைக் காட்டி விளக்கியபோது, "அவருக்குக்கூட அக்கா சொல்லித்தான் சரியாச்சு, நானும் அக்கா சொன்னதத்தான் கேட்டேன்" என்றார். எந்த அக்கா!

இப்போது பாண்லே பாலில் வீட்டிலேயே உறை ஊற்றுகிறார். புதுச்சேரியில் வேலை பார்க்கும் தம்பி வரும்போதெல்லாம் கொண்டு வந்து கொடுக்கிறான், ஆவின் அம்மாவுக்குப் பிடிக்காது, அது தனிச் சண்டை. அடுத்த சராசரி எடுக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கடையில் முதலாளியிடம், இரண்டாவது தட்டிலிருப்பதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றட்டுமா, கண் மட்டத்தில் வேண்டாமே என்று கேட்டேன். "கண் மட்டத்துல இருந்தாத்தான்பா போவுது" என்றார். பாதித் தட்டு மட்டும் வாங்கியிருக்கிறேன். என் மோர் பாட்டில் திரும்ப வந்துவிட்டது.