யோசுவா 1:8 பரீட்சை மந்திரம் அன்று

உயர்தரப் பரீட்சை நெருங்குகையில், வேதாகமத்தின் யோசுவா 1:8 வசனத்தை நாளுக்கு ஏழு தடவை வாசித்துப் பத்துப் பேருக்கு அனுப்பினால் சித்தி நிச்சயம் என்றொரு வாட்ஸ்அப் செய்தி யாழ்ப்பாணத்துச் சபைக் குழுக்களில் வலம்வருகிறது. இது தவறு. மோசே இறந்தபின் இஸ்ரவேலரை நடத்தி யோர்தான் நதியைக் கடக்கவிருந்த யோசுவாவுக்கு உரைக்கப்பட்ட அவ்வசனம், இரவும் பகலும் தியானிப்பது, நியாயப்பிரமாணம் எனும் மோசேயின் சட்ட நூலில் எழுதப்பட்டவற்றின்படி செய்யக் கவனமாயிருப்பதற்காகவே என்று தானே விளக்குகிறது. எண்ணிக்கையோ பகிர்தலோ அதில் இல்லை. நம் வீடுகளிலுள்ள பழைய திருப்புதலில் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பில்) அது "புத்திமானாயும் நடந்துகொள்ளுவாய்" என்றே முடிகிறது. செய்தியை எழுதியவர் இதனை வசதியாக விட்டுவிட்டார். "பலங்கொண்டு திடமனதாயிரு" என்ற கட்டளையும், 7ஆம் வசனத்தில், நியாயப்பிரமாணத்தை விட்டு வலதுபுறம் இடதுபுறம் விலகாதிருப்பதற்கான துணிவையே குறிக்கிறது. அவ்வாக்கைப் பெற்ற யோசுவாவின் படையே, ஆகான் என்ற இஸ்ரவேலன் கட்டளையை மீறியதால், ஆயி பட்டணத்தாரிடம் ஏறக்குறைய 36 பேரை இழந்து பின்வாங்கியதை 7ஆம் அதிகாரம் சொல்கிறது.