ஜோர்டனுக்காகத் தொடங்கப்பட்டதா அரிசோனா லீக்?

கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பேஸ்பால் பழகுவதற்காகவே அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இலையுதிர்காலத்தில் நடக்கும் 'அரிசோனா ஃபால் லீக்' என்ற பேஸ்பால் தொடர் தொடங்கப்பட்டது என்றொரு தகவல் சுற்றிவருகிறது. அது தவறு.

லீக் தொடங்கியது 1992இல். ஜோர்டன் அப்போது சிகாகோ புல்ஸ் அணியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார். பேஸ்பாலுக்கு அவர் வந்ததே 1994இல்தான்! அந்த ஆண்டு பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற கீழ்நிலை லீக் அணியில் அவருடைய பேட்டிங் சராசரி வெறும் .202; அதாவது, ஆயிரம் வாய்ப்புகளுக்கு 202 வெற்றிகரமான அடிகள் என்ற விகிதம். சீசன் முடிந்ததும் ஸ்காட்ஸ்டேல் ஸ்கார்பியன்ஸ் அணிக்காக இந்த லீக்கில் ஆடி, அதை .252 ஆக உயர்த்தினார். முப்பதைத் தாண்டிய வயதில் இன்னொரு விளையாட்டைப் புதிதாகக் கற்றவருக்கு இது மெச்சத்தக்க முன்னேற்றம். அதைச் சொல்லலாம், பரப்பலாம். லீக்கையே அவர் கணக்கில் எழுதுவதுதான் அநியாயம்.

உண்மையான காரணம் வேறு. சீசன் முடிந்ததும் இளம் வீரர்கள் பயிற்சிக்காக டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, போர்ட்டோ ரிக்கோ போன்ற இடங்களின் குளிர்கால லீக்குகளுக்குப் போய்வந்தார்கள். அங்கே உள்ளூர் அணிக்கு வெற்றிதான் முக்கியம். தடுமாறும் இளைஞனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். எனவே வீரர்களைத் தங்கள் கண்பார்வையிலேயே வளர்க்க அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக்கின் நிர்வாகம் இதை ஏற்படுத்தியது. திட்டத்தின் சிற்பி பேஸ்பால் நிர்வாகி ரோலண்ட் ஹெமண்ட். இன்று ஆறு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மேஜர் லீக் கிளப்புகள் வீரர்களை அனுப்புகின்றன.

முதல் சீசனிலேயே ஆடிய மைக் பியாசா, அடுத்த ஆண்டே மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதை வென்றார்.