விளைந்து நின்ற பயிரும் பொக்லைனும்

பள்ளிக்கூடம், மருத்துவ முகாம் என்று செலவு செய்தால் சுரங்க நிறுவனங்களுக்குப் பக்கத்து ஊர்களோடு நல்லுறவு வந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் என்ன நடந்தது? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் பொதுத்துறை நிறுவனமான என்எல்சியின் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பக் கால்வாய் வெட்டினார்கள். வயலில் நெல் நின்றுகொண்டிருந்தது. அதன் மேலேயே பொக்லைன்களை ஏற்றினார்கள். நிலத்தை எப்போதோ கையகப்படுத்திவிட்டோம் என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். விதைத்தவர் கண்ணெதிரே பயிரை அழிக்கலாமா? அறுவடை வரை பொறுத்திருக்கலாமே! அப்புறம் நீதிமன்றம் சொல்லி ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காட்சியைப் பார்த்த ஊர்க்காரர் மனதை அந்தப் பணம் ஆற்றுமா?

ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் தோண்டலாமா என்று உச்ச நீதிமன்றம் மக்களிடமே கேட்கச் சொன்னது. 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் (அலுமினியத் தாது) சுரங்கம் வேண்டாம் என்றன. வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் ஊருக்கு உண்டு. அதை ஏற்றுக்கொண்டு, முதல் குழி தோண்டும் முன்பே நிறுவனம் கிராம சபையில் வந்து உட்கார வேண்டும். நிலத்தடி நீர் எவ்வளவு இறங்கும், யாருக்கு நிரந்தர வேலை என்பதையெல்லாம் அங்கேயே எழுதிக் கொடுக்கட்டும்.