பெயர் தெரியாதவர் எழுதும் திகில் கதைகள்

திகில் கதை படிக்கப் பிடிக்கும் என்று சொல்பவர்களிடமெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒருவர், பதிப்பகம் எதுவும் இல்லாமல் தானே வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் படித்துப் பாருங்கள். புது எழுத்தாளருக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே பயப்பட வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும்.

பிரபலமான ஒருவரின் திகில் நாவலைப் பிரிக்கும்போதே பாதி தைரியம் வந்துவிடுகிறது. இவர் குழந்தையைச் சாகவிட மாட்டார், கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவிடுவார் என்று அவருடைய பழைய புத்தகங்களே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. பெயர் தெரியாத ஆளிடம் அந்தத் தைரியம் எடுபடாது. அவர் எதுவரை போவார், எங்கே நிறுத்துவார் என்று எதுவுமே தெரியாது. கதைக்குள் இருக்கும் பயத்தோடு, கதை சொல்பவர் மேலும் ஒரு பயம் வந்து சேர்ந்துகொள்கிறது.

அப்படியொரு தொகுப்பில் மூன்றே பக்கத்தில் ஒரு கதை படித்தேன். இறந்துபோன அம்மாவின் செல்போனை மகள் துடைத்து, படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் அழித்துக்கொண்டிருக்கிறாள். தினமும் இரவு 3.10க்கு ஓர் அலாரம் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு அம்மா வைத்திருந்த பெயர் ‘பதில் சொல்லாதே’. மாத்திரை நேரமாக இருக்கும் என்று நினைத்து அதையும் அழித்துவிடுகிறாள். அன்று இரவு அம்மாவின் அறையிலேயே படுக்கிறாள். அரைத்தூக்கத்தில், யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது. ‘ம்?’ என்கிறாள். கதை அந்த ‘ம்’மோடு முடிந்துவிடுகிறது.

கூப்பிட்டது யார், அம்மா எத்தனை வருடம் அதைச் சமாளித்தாள், பதில் சொன்னால் என்ன ஆகும், எதுவும் இல்லை. பெரிய பதிப்பகத்தில் இந்தக் கதை இப்படியே வெளிவந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள், வாசகர் குழம்பிவிடுவார் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு பக்கம்தான் கதையைக் கொன்றிருக்கும். விளக்கம் கிடைத்த நொடியில் பயம் போய்விடும். தானே வெளியிடும் எழுத்தாளரிடம் விளக்கம் கேட்க ஆள் இல்லை. இந்த வகைக் கதைக்கு அதைவிடப் பெரிய சுதந்திரம் வேறு கிடையாது.

நீளமும் முக்கியம். ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய படைப்புதான் நினைத்த விளைவை முழுசாக உண்டாக்கும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1846லேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். அவர் அங்கே பேசியது கவிதையைப் பற்றி என்றாலும் திகில் கதைக்கு அச்சாகப் பொருந்துகிறது. நாவலைப் பாதியில் மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டு, தூங்கி, மறுநாள் எடுத்தால் பயம் ஆறிப்போயிருக்கும். சிறுகதையில் மூச்சுவிட இடமே கிடையாது.

ஆனால் நாவல் அளவுக்குச் சிறுகதைத் தொகுப்பு விற்காது என்று பதிப்பாளர்கள் தயங்குவது இன்றைக்கு வந்த பழக்கம் இல்லை. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச்.பி. லவ்கிராஃப்ட் 1937இல் இறந்தபோது அவருடைய கதைகளுக்கு என்று ஒரு முழுத் தொகுப்புகூட வந்திருக்கவில்லை. அவரை மதித்த ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரீ என்ற இரண்டு எழுத்தாளர்கள் பதிப்பகங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. சரி, நாமே போடுவோம் என்று 1939இல் ஆர்காம் ஹவுஸ் என்று ஒரு பதிப்பகத்தை ஆரம்பித்து, அவருடைய கதைத் தொகுப்பை 1268 பிரதிகள் அச்சடித்தார்கள். அவை விற்றுத் தீரவே ஆண்டுக்கணக்கில் ஆனது. இன்றைக்கு உலகம் முழுக்கத் திகில் எழுதுபவர்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள் என்றால், அதற்கு அந்தச் சிறு பதிப்பும் ஒரு காரணம். இப்போது யாராவது கேட்கும்போது மட்டும் ஒரு பிரதி அச்சடிக்கலாம், மின்நூலாகவும் போடலாம். ஆயிரம் பிரதி அடித்து வீட்டில் அடுக்கி வைக்கும் கவலை இல்லை. அதனால்தான் இத்தனை தொகுப்புகள் வருகின்றன.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பத்துக் கதையில் மூன்று தேறாது. எழுத்துப்பிழை இன்னும் மோசம். இருட்டில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்கிற வரியில் ஒரு பிழை வந்தால், நாம் அறையிலிருந்து வெளியே வந்து பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவோம். திரும்ப உள்ளே போவது கஷ்டம். லவ்கிராஃப்ட் உயிரோடு இருந்தபோது, 1936இல், அவருடைய ஒரு நீண்ட கதை மட்டும் தனிப் புத்தகமாக வந்தது. அதுவும் சிறு வெளியீடுதான், அச்சுப்பிழைகள் மலிந்து, பிழைதிருத்தத் தாள் ஒன்றையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நல்ல கதையை அப்படி அனுப்பாதீர்கள். நண்பர் ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், பாதிப் பிழை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

எழுதுபவர்களிடம் இன்னும் ஒரு வேண்டுகோள். தொகுப்பின் கடைசியில் ‘இந்தக் கதை எப்படிப் பிறந்தது’ என்று எழுதுவது எனக்கும் பிடிக்கும். எந்த வீட்டில் தோன்றியது, எந்தக் கனவில் வந்தது என்று எழுதுங்கள். ஆனால் கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்று மட்டும் அங்கே சொல்லிவிடாதீர்கள். அப்புறம், உங்களுடைய மிகச் சிறந்த கதையை முதலில் வைக்காமல் இரண்டாவதாக வையுங்கள். முதல் கதையில் வாசகர் உங்களை எடைபோட்டுக்கொண்டிருப்பார். இரண்டாவதில்தான் கொஞ்சம் அசந்திருப்பார்.

படிப்பவர்களும் ஒன்று செய்யலாம். இந்தப் புத்தகங்களுக்கு விளம்பரம் கிடையாது, படித்தவர் எழுதும் இரண்டு வரிதான் எல்லாம். இப்படி யாரோ தானே வெளியிட்டு, உங்களைத் தூங்கவிடாமல் செய்த தொகுப்பு ஏதாவது இருந்தால் கீழே அதன் பெயரை எழுதுங்கள். எந்தக் கதை என்று சொல்லுங்கள், என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டாம்.