கைப்பிடி இருக்கட்டும், நூலை மாற்றுங்கள்

பல் இடுக்கைச் சுத்தம் செய்ய, ஒருமுறை பாவித்து எறியும் ஃப்ளொஸ் குச்சிதான் (நுனியில் நூல் கட்டிய பிளாஸ்டிக் குச்சி) வசதி என்று நான் வாசித்த கட்டுரை ஒன்று முடிக்கிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் குப்பை வண்டி எட்டிப் பார்க்காத தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அந்த பிளாஸ்டிக் எங்கே போகும்? அடுப்புக்கு, இல்லாவிட்டால் கானுக்கு, அதாவது வடிகாலுக்கு. மலையகத்து நோர்வூட் பக்கத்துக் கான் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

அப்புறம், சுத்தம். குச்சியில் இறுக்கிக் கட்டிய துண்டு நூல் பல்லைச் சுற்றி வளையாது. ஒரு இடுக்கின் அழுக்கை அடுத்த இடுக்குக்கும் கொண்டுபோகும். சுருள் நூலில் 45 சென்ரிமீற்றர் எடுத்து விரலில் சுற்றினால், ஒவ்வொரு இடுக்குக்கும் புது நூல் கிடைக்கும். பல்லை அணைத்தபடி ஈறோரம் வரை மெதுவாக இறக்கலாம். வெடுக்கென்று இழுத்தால் ஈறு வெட்டும், கவனம்.

கை நடுங்கும் அப்பாயி, அம்மாயிக்கு விரலில் சுற்றுவது கஷ்டம். அவர்களுக்கு நூல் மாற்றும் கைப்பிடி சரி. பிடியைக் கழுவி வைத்துக்கொண்டு நூலை மட்டும் எறியலாம். வெற்றிலை போட்டுப் போட்டு பல் இடைவெளி அகன்றவர்களுக்கோ பல் இடுக்கில் விட்டுத் தேய்க்கும் சின்ன இடுக்குப் பிரஷ்தான் நல்லது, பாக்கு நாரும் வந்துவிடும். கட்டுரை அதைச் சொல்லவே இல்லையே?