ஒல்லிப் பரம்பரைக்கு சுகர் வராது என்பது தவறு
மேலூர் அண்ணே, "எங்க பரம்பரையில யாரும் குண்டு கிடையாது, தொப்பை மட்டுந்தான், ஜீனே அப்படி, சுகர் எட்டிப் பார்க்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி நாலு பேர் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

எடையைக் கூட்டும் ஜீன் வேறு, கொழுப்பு எங்கே சேரும் என்பதைத் தீர்மானிக்கும் ஜீன்கள் வேறு. முதல் வகைக்கு உதாரணம், 2007-இல் தெரியவந்த எஃப்டிஓ (FTO) என்ற ஜீனின் மாறுபாடு; அது பசியைத் தூண்டுவது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அதை வாங்கியவர்களுக்கும் சராசரியாக 3 கிலோதான் கூடுதல். நம் ஊர்ச் சிக்கல் இரண்டாவது வகையில். தோலுக்கடியில் இடம் குறைவாக அமைந்தால், மிச்சக் கொழுப்பு கல்லீரலிலும் குடலைச் சுற்றியும் போய்ப் படியும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினின் சொல் பேச்சை உடல் கேட்காமல் போவது அங்கிருந்துதான். 2004-இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்களையே அளந்து காட்டினார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 22.3. உடல் கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1.

பேன்ட் சைஸை நம்பாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. தையல் டேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவில் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின், வயிற்றை எக்காமல் அளங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்பு) மூன்றையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100 மி.கி./டெ.லி.-க்கு மேலோ, ஹெச்பிஏ1சி 5.7 சதவீதத்துக்கு மேலோ வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால், இடுப்பு சிறுத்திருந்தாலும் பரிசோதனையை விடாதீர்கள்.