பிளேட்டில்தான் செத்தது, ஐயா

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. நேத்து மட்டும் எனக்குப் பதினோரு பேர் அனுப்பிட்டாங்க. ‘நம்ம குமரி கிராம்பு எண்ணெய் கேன்சரை 48 மணி நேரத்தில் கொல்லும்.’ கீழே நான் போட்ட ஒரு கமெண்டுக்குக் கிடைச்ச அர்ச்சனையையும் பார்த்திருப்பீங்க. நான் மருந்துக் கம்பெனி கைக்கூலியாம். ஆராய்ச்சி உதவித்தொகை வந்து நாலு மாசமாச்சு; அந்தக் கம்பெனிக்காரர் யாராவது இருந்தா தயவுசெய்து இன்பாக்ஸ் வாங்க.

கொல்லும்தான். நானே கொன்னிருக்கேன். மாறாமலைக் கிராம்பு இலையைக் குடுவையில் தண்ணியோட போட்டு மூணு மணி நேரம் காய்ச்சணும். மத்த எண்ணெய் பெரும்பாலும் மிதக்கும், இது கனம் கூடுதல், தண்ணிக்கு அடியில் போய் உட்காரும். அதை 96 குழி இருக்கிற ஆய்வகப் பிளேட்டில் மார்பகப் புற்றுச் செல் மேல விட்டு, ரெண்டு நாள் கழிச்சு எம்.டி.டி. சாயம் போடணும். உயிரோட இருந்தா ஊதா, செத்தா மஞ்சள். மஞ்சளைப் பார்த்து நானும்தான் துள்ளினேன். அடுத்த வாரம் சாதாரணச் செல்லில் விட்டேன். அதுவும் மஞ்சள்!

பிளேட்டில், ஐயா. பிளேட்டில். அங்க குடம்புளித் தண்ணி ஊத்தினாலும் சாகும். நீங்க குடிக்கிற சொட்டு குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி எவ்வளவு போய்ச் சேரும்னு பிளேட்டுக்குத் தெரியாது. அளவு மிஞ்சினா, கிராம்பு எண்ணெயில் பெரும்பங்கா இருக்கிற யூஜினால் கல்லீரலைத்தான் முதல்ல பதம் பார்க்கும்.

‘நித்தியகல்யாணியில் இருந்து மருந்து வரலையா?’ வந்தது. வின்கிறிஸ்டின், 1963-ல அமெரிக்காவில் அனுமதி. பிரிச்செடுத்து, சுத்தம் பண்ணி, மில்லிகிராம் கணக்கில் நரம்பில் ஏத்துறாங்க. யாரும் இலையை மென்னு பிழைக்கல. ‘முன்னோர்கள் முட்டாள்களா?’ன்னு ஒருத்தர். அண்ணே, உங்களுக்கு அப்புறம் பதில் சொல்றேன். (சொல்ல மாட்டேன்.)

ஊர்ப்பெருமைக்கு நான் எதிரியாம். 2021-ல நம்ம கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப ஆய்வகத்தில் மிட்டாய் கொடுத்தவ நான். அது கிராம்புக்குக் கிடைச்ச குறியீடு, ஐயா, கீமோவுக்கு இல்ல.

இவ்வளவு கோபம் எதுக்குன்னு கேட்பீங்க. சித்தப்பாவுக்கு வாய்ப்புற்று. ரெண்டு கீமோ பாக்கி இருக்க, திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு (ஆர்.சி.சி.) போறதை நிறுத்திட்டு, புண்ணான வாயில தினம் பத்துச் சொட்டு விட்டிருக்காரு. எரியுதுன்னா ‘கிருமி சாவுது’ன்னு அந்த வீடியோக்காரர் சொல்லியிருக்காராம். சித்திகிட்டச் சண்டை போட்டேன். அவங்க, “நீ ஆராய்ச்சி பண்ணுற எண்ணெய்தானே மக்களே, அந்த நம்பிக்கையிலதான் குடுத்தேன்”னாங்க.

நான் குடுக்கச் சொல்லல. ஆனா பொங்கலுக்குப் போனப்ப, போன்ல அந்த மஞ்சள் பிளேட் படத்தை வீடு முழுக்கக் காட்டினது நான்தான். சாதாரணச் செல் படத்தைக் காட்டல.

நாளைக்கு விடியக்காலைல தம்பி குழித்துறையில் சித்தப்பாவை ஆர்.சி.சி.க்கு ரயிலேத்துறான். குப்பியை நான் எடுத்துட்டு வந்துட்டேன். பாதி காலி.